மாரடைப்பு: அடைப்புக்கு முன்னால் நடந்தது என்ன?

நண்பர்களே, "மாரடைப்பு" என்ற வார்த்தைக்குள்ளேயே அடைப்பு இருக்கிறது. அதனாலோ என்னவோ, நம் மனதில் ஒரே படம்தான். ரத்தக்குழாய் ஒரு தண்ணீர்க் குழாய்; அதில் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து ஒருநாள் முழுசாக அடைத்துக்கொள்கிறது. அப்படியென்றால், ஆஞ்சியோவில் "பெரிய அடைப்பு இல்லை" என்று வந்தவர் நிம்மதியாகத் தூங்கலாமா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு.

1850களில் ஜெர்மானியரான ருடால்ஃப் விர்ச்சோ, ரத்தக்குழாய்ச் சுவரில் நடப்பது ஒரு அழற்சி என்றார். காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறதே, அதுதான் அழற்சி. வியன்னாவின் ரோகிடான்ஸ்கி இதை ஒப்புக்கொள்ளவில்லை. ரத்தத்திலிருந்து வரும் படிவுதான் முதல் காரணம், அழற்சி பின்னால் வருவது என்றார்.

1913-ல் ரஷ்யாவின் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்து ரத்தக்குழாயில் படிவுகளை உண்டாக்கிக் காட்டினார். அதன்பின் கொழுப்புதான் வில்லன். அழற்சி ஓரமாகப் போய்விட்டது. 1977-ல் பலூன் வைத்துக் குழாயை விரிக்கும் சிகிச்சையும் வந்தது. தண்ணீர்க் குழாய்ப் படம் இன்னும் உறுதியானது.

அந்தப் படத்தில் விரிசல் விழுந்தது 1988-ல். அமெரிக்காவில் வில்லியம் லிட்டில் குழுவினர், மாரடைப்பு வந்தவர்களின் பழைய ஆஞ்சியோ படங்களை எடுத்துப் பார்த்தார்கள். 29 பேரில் 19 பேருக்கு, பின்னால் அடைத்துக்கொண்ட அதே குழாயில் முன்பு இருந்த குறுகல் 50 சதவீதத்துக்கும் குறைவு!

எப்படி? கொழுப்புப் படிவின் மேல் ஒரு மெல்லிய மூடி இருக்கிறது. அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் அந்த மூடியை உள்ளிருந்தே அரிக்கின்றன. மூடி கிழிந்ததும் அங்கே ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது. ஆக, அடைப்பு என்பது கடைசிக் காட்சி மட்டுமே.

1997-ல் பாஸ்டனின் பால் ரிட்கர் குழு, ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம் அதிகமுள்ள ஆண்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு அதிகம் வருவதைக் காட்டியது. ஆனால் அழற்சி காரணமா, வெறும் அடையாளமா? விடை 2017-ல் கிடைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் கனகினுமாப் என்ற மருந்தைச் சோதித்தார்கள். அது கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைப்பதில்லை. அழற்சியை மட்டுமே தணிக்கும். 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. விர்ச்சோ சொன்னதில் உண்மை இருந்தது! ஆனால் நோய்த்தொற்றால் இறந்தவர்கள் அதிகமானார்கள்; அந்த மருந்து இதய சிகிச்சைக்கு வரவில்லை.

2024-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழு, நெஞ்சு ஸ்கேன் எடுத்த சுமார் 40,000 பேரின் விவரங்களை வெளியிட்டது. இதய நோயால் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், ஸ்கேனில் பெரிய அடைப்பு இல்லாதவர்கள். அடைப்பு உள்ள ஒருவருக்கு ஆபத்து அதிகம்தான். ஆனால் அடைப்பு இல்லாதவர்களின் எண்ணிக்கை மிகப் பெரியது.

கொழுப்பு நிரபராதி என்று இதற்கு அர்த்தமில்லை. அது விறகு என்றால் அழற்சி நெருப்பு. புகையும் சர்க்கரையும் அந்த நெருப்பை விசிறுகின்றன. "அடைப்பு இல்லை" என்பது நல்ல செய்திதான், நண்பர்களே. ஆனால் அதைக் கேட்டதும் மாத்திரையை நிறுத்துவதும் சிகரெட்டைப் பற்றவைப்பதும்தான் ஆபத்து. வீட்டில் யாராவது அப்படிச் செய்தால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.