தொப்பியால் எழுந்த கலகம்



மனிதன் தலையில் அணிவது வெயிலுக்கும் மழைக்கும் காப்பாக மட்டுமன்று. தலைப்பாகையாயினும் மணிமுடியாயினும் தொப்பியாயினும், அதனை அணிந்தவன் யார், எந்நிலையினன் என்பதை அது காண்போருக்கு உணர்த்துகின்றது. ஆதலின் ஒருவன் தலையணியில் அரசாங்கம் கைவைக்குமாயின் அவனுடைய மானத்திலும் கைவைத்ததாகவே அவன் கருதுவான். இவ்வுண்மையை ஸ்பானியா தேசத்து மன்னர் மூன்றாம் சாள்ஸ் 1766ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நான்கே நாட்களிற் கற்றுக்கொண்டார். அகன்ற விளிம்புடைய தொப்பி ஒன்றின் பொருட்டு ஒரு மந்திரி பதவி துறந்து நாடு நீங்கிய அவ்வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

அக்காலத்து மட்ரிட் நகர ஆடவர், குதிக்காலை எட்டும் நீண்ட மேற்போர்வையும், விளிம்பு அகன்று தாழ்ந்த வட்டத் தொப்பியும் அணிந்தனர். கம்பளி மயிரை அழுத்திச் செய்த அத்தொப்பி கோடையில் வெயிலையும் மாரியில் மழையையும் தடுத்தது. போர்வையின் ஓரத்தை மூக்குவரை உயர்த்தித் தொப்பியைப் புருவம்வரை இறக்கிவிட்டால், கண்களன்றி வேறெதுவும் வெளியே தெரியாது. செல்வனும் வறியவனும் ஒரே தோற்றத்தில் வீதியில் நடக்கலாம். ஆனால், கள்வனும் அதே தோற்றத்தில் நடக்கலாம். போர்வையின் உள்ளே கத்தியை மறைக்கலாம். இதனை எண்ணி, அந்நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பலமுறை தடையாணைகள் பிறந்தன. மக்களோ அவற்றைப் பொருட்படுத்தினாரல்லர்.

ஐரோப்பாவின் ஏனைய தலைநகரங்களில் அப்பொழுது நாகரிகமாக விளங்கியது மும்முனைத் தொப்பி. அது வேறொரு பொருளன்று. அதே அகன்ற விளிம்பை மூன்று பக்கமும் மேலே மடித்து நிறுத்தியதே ஆகும். விளிம்பு மடிந்தால் முகம் தெரியும். இந்த மடிப்பே வழக்குக்குக் காரணமாயிற்று.

மூன்றாம் சாள்ஸ் மன்னர் 1759இல் நேப்பிள்ஸ் நாட்டு அரசைத் தம் மைந்தரிடம் விட்டு ஸ்பானிய அரியணை ஏறியவர். அவருடன் வந்தவர் சிசிலித் தீவினரான எஸ்கிலாச்சே பிரபு. நிதியும் போரும் ஆகிய இரு பெருந் துறைகளும் அவர் கையில் இருந்தன. அழுக்கு மலிந்த மட்ரிட் வீதிகளைத் துப்புரவாக்கினார், கற்கள் பதித்தார், இரவில் விளக்கேற்றினார். அவர் செய்த பணிகளைக் குறைகூற இயலாது. ஆயினும் மக்கள் கண்ணுக்கு அவர் அயலார். வரியும் விலையும் ஏறக் காரணமானவர்.

1766 மார்ச்சு 10ஆந் திகதி அவருடைய ஆணை மட்ரிட் நகரச் சுவர்களில் ஒட்டப்பட்டது. நீண்ட போர்வையும் வட்டத் தொப்பியும் விலக்கப்பட்டன. குட்டைப் போர்வையும் மும்முனைத் தொப்பியுமே அணியலாம். மீறுவோர்க்கு முதன்முறை ஆறு தூக்காத்துப் பணம் அல்லது பன்னிரண்டு நாட் சிறை. இரண்டாம் முறை தண்டனை இரட்டிப்பு. அதிகாரிகள் தையற்காரரைத் தம்முடன் அழைத்துச் சென்று, வழிப்போக்கரை வாயில்களுக்குள் இழுத்துப் போர்வையை வெட்டித் தொப்பியை மடித்துத் தைப்பித்தனர் என்று வரலாறு எழுதுவோர் கூறுவர். வளர்ந்த ஆடவன் ஒருவனுக்கு நடுவீதியில் இதனினும் பெரிய அவமானம் வேறென்ன?

மார்ச்சு 23, குருத்தோலை ஞாயிறு. அந்தோன் மார்த்தீன் சதுக்கத்திலே தடைசெய்த உடையுடன் சிலர் வேண்டுமென்றே உலாவினர். காவல்வீரர் தடுத்தனர், கைகலப்பு மூண்டது, கூட்டம் திரண்டது. எஸ்கிலாச்சேயின் மாளிகை சூறையாடப்பட்டது. அவர் நிறுவிய வீதி விளக்குகள் உடைக்கப்பட்டன. மறுநாள் மக்கள் அரண்மனை நோக்கிச் சென்றனர். வலோன் காவற்படையினர் சுட்டனர். இரு பக்கத்திலும் உயிர்கள் மடிந்தன. துறவி ஒருவர் மக்களின் கோரிக்கைகளை மன்னரிடம் கொண்டுசென்றார். எஸ்கிலாச்சே நாடு நீங்க வேண்டும். மந்திரிகள் ஸ்பானியராக இருக்க வேண்டும். வலோன் படை அகல வேண்டும். உணவுப் பொருள்களின் விலை இறங்க வேண்டும். உடையை மக்கள் விருப்பத்துக்கு விட வேண்டும். மன்னர் மாடத்திலே தோன்றி இணங்கினார். ஆனால், அன்றிரவே குடும்பத்துடன் அரங்குவேஸ் அரண்மனைக்கு அகன்றார். செய்தியறிந்த மக்கள் மீண்டும் கொதித்தனர். மன்னரின் உறுதிமொழி 26ஆந் திகதி படிக்கப்பட்ட பின்னரே நகரம் அமைதியுற்றது.

தொப்பி ஒன்றுக்காகவா இத்தனையும் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலே கூறிய கோரிக்கைகளுள் உணவு விலையும் ஒன்று என்பதை நோக்குங்கள். 1765இல் அரசாங்கம் தானிய விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. விளைச்சலோ பல ஆண்டுகளாகக் குன்றியிருந்தது. பாணின் விலை ஐந்து ஆண்டுகளில் இருமடங்கை நெருங்கியது. அதே வசந்த காலத்தில் சரகோசா முதலிய வேறு நகரங்களிலும் கலகம் எழுந்தது. ஆங்கு மக்கள் கேட்டது தொப்பியையன்று, மலிந்த பாணையே. எனவே பசி விறகாக அடுக்கப்பட்டிருந்தது. தொப்பி ஆணை அதில் விழுந்த பொறி. வயிறு காய்ந்தவனும் ஒருவாறு பொறுத்திருப்பான். அவன் தலையிலும் கைவைத்தால் பொறுக்கமாட்டான்.

இவ்வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்பானியரின் பழந்தேசிய உடையென்று மக்கள் உயிர்கொடுத்துக் காத்த அத்தொப்பிக்குச் சம்பேர்கோ என்பது பெயர். அப்பெயர் ஷொம்பேர்க் என்னும் படைத்தலைவரின் பெயரிலிருந்து பிறந்தது. அவர் ஜெர்மனியிற் பிறந்தவர். பிரெஞ்சுச் சேவையிலிருந்து போர்த்துக்கலுக்குச் சென்று ஸ்பானியருக்கு எதிராகவே போர் புரிந்தவர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் படையினரின் பாணியில் உடுத்த மட்ரிட் காவற்படை ஒன்றின் வாயிலாக அத்தொப்பி நகருக்குள் புகுந்தது. நூறாண்டு கழியுமுன் அயல்நாட்டு வரவு முன்னோர் சொத்தாகிவிட்டது. மரபென்று நாம் போற்றுவனவற்றுள் எத்தனை இவ்வாறு வந்தவையோ!

பிறகு என்ன நிகழ்ந்தது? மட்ரிட்டில் அமைதி காக்கும் பொறுப்பு அராண்டா பிரபுவுக்குக் கிடைத்தது. அவர் கத்தரிக்கோலை நாடவில்லை. பிரபுக்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் அழைத்து, அவர்களே முன்மாதிரியாக நடக்குமாறு வேண்டினார். அகன்ற தொப்பியும் நீண்ட போர்வையும் தூக்கிலிடும் கொலையாளிக்குரிய உடை என்று அவர் அறிவித்ததாகவும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகின்றது. எவ்வாறாயினும், குண்டுக்குப் பணியாத மட்ரிட்வாசிகள் சிறிது காலத்தில் தாமாகவே விளிம்பை மடித்தனர். கலகத்தின் பழி இயேசு சபைத் துறவிகள்மேற் சுமத்தப்பட்டு, 1767இல் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். எஸ்கிலாச்சேயோ, வீதிகளைத் தூய்மையாக்கிய தமக்குச் சிலையெடுத்திருக்க வேண்டுமென மனம் நொந்தவராய் நாடு நீங்கினார். பின்னர் வெனிசு நகரில் ஸ்பானியத் தூதராக இருந்து 1785இல் மறைந்தார்.

அவர் விரும்பியது ஒளியுள்ள வீதியும் ஒளியாத முகமுந்தான். இரண்டும் நல்லவையே. ஆயினும் நன்மையைக் கூடச் செய்யும் முறை அறிந்து செய்தல் வேண்டும். பாணுக்கு வழிசெய்யாமல் தொப்பிக்குச் சட்டஞ் செய்த ஆட்சியின் கதை, ஆள்வோரும் ஆளப்படுவோரும் எக்காலத்தும் நினைவிற் கொள்ளத்தக்கது.