பருமன் அறுவைக்குப் பின் நரம்புத் தடுப்பு ஊசி: கிள்ளான் பள்ளத்தாக்கு

நரம்புத் தடுப்பு ஊசி என்பது, ஒரு பகுதிக்கு ஓடும் நரம்புகளைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்தி, வலியைச் சில மணி நேரம் மட்டுப்படுத்தும் முறை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் ஸ்லீவ், குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் ஆகிய பருமன் அறுவைகளில் இது முழு மயக்கத்துக்குத் துணையாக நிற்கிறதே தவிர, அதற்கு மாற்றாவதில்லை.

மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உடையவர்கள். இந்தியர்களிடம் இது 63.9 விழுக்காடு, இனிப்பு நீரிலும் அவர்களே முன்னால். ஆகவே பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தமிழ்க் குடும்பங்களுக்கு இது எட்டத்துச் செய்தி அல்ல. பந்தாய் பள்ளத்தாக்கிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், செராஸிலுள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இந்த அறுவைகள் செய்யப்படுகின்றன.

வயிற்றுச் சுவரின் உணர்வு நரம்புகள் உட்சாய்தசைக்கும் குறுக்குத்தசைக்கும் இடையேயான மெல்லிய அடுக்கில் ஓடுகின்றன. அந்த அடுக்கை மருந்தால் நிரப்பலாம் என்று 2001இல் மயக்க மருத்துவர் ரஃபி எழுதியபோது, ஊசி தசையுறைகளைத் துளைக்கும் உணர்வே வழிகாட்டி. கனத்த கொழுப்புக்கு அடியில் அந்த உணர்வை நம்ப முடியாது. இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடி ஊசி செல்கிறது. அறுவை மருத்துவரே உள்நோக்கிக் கேமராவில் பார்த்து இடுவதும் உண்டு. பருமன் அறுவையின் துளைகள் மேல்வயிற்றில் விழுவதால், விலா விளிம்பை ஒட்டிப் போடும் முறை பொருத்தமானது. 2016இல் வெளியான, முதுகெலும்பை ஒட்டிய தசையின் அடியில் மருந்திடும் முறையும் பரவி வருகிறது.

உண்மையான ஆதாயம் மூச்சில் இருக்கிறது. பருமனானோர் பலருக்குக் குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் உண்டு; மார்ஃபின் வகை வலி மருந்துகள் அதை மோசமாக்கும், குமட்டலையும் கூட்டும். பைபாஸ் செய்தவருக்கு இணைப்பிடத்தில் புண் வரும் அச்சத்தால் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளையும் தாராளமாகத் தர முடியாது. முக்கியமாக எஞ்சுவது பாராசிட்டமாலும் ஊசியும்தான். வலி குறைந்தால் நோயாளி ஆழ்ந்து மூச்சிழுப்பார், அன்றே எழுந்து நடப்பார். காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் குறையும்.

ஆனால் மிகையாக நம்ப வேண்டாம். ஆய்வுகள் காட்டும் நன்மை பெரும்பாலும் முதல் நாளோடு சுருங்குகிறது. துளைகளைச் சுற்றி அறுவை மருத்துவர் நேரடியாக மரப்பு மருந்து போட்டாலே பலன் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதும் உண்டு. விலை குறைந்த அந்த வழியை ஏளனம் செய்வதற்கில்லை. மருந்தின் அளவை மொத்த எடைக்குக் கணக்கிடுவது ஆபத்து. மிகுந்தால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். அதற்கு முறிமருந்தாகக் கொழுப்புப் பால்மம் கையருகே இருக்க வேண்டும்.

வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகப் பதிவு செய்யும் திட்டத்தை மலேசிய அரசு மருத்துவமனைகள் 2008இல் தொடங்கின. அப்போது செலாயாங் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மேரி சுமா கார்டோசா அதன் முன்னோடிகளுள் ஒருவர். காய்ச்சலையும் நாடித்துடிப்பையும் போல வலிக்கும் தாதியர் மதிப்பெண் எழுதுகிறார்கள். தோளில் வலி என்று நோயாளி சொன்னால் ஊசி தவறிவிட்டது என்று பொருளல்ல. அறுவையின்போது வயிற்றை உப்பவைத்த கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. இந்த ஊசி அதைத் தொடாது; அந்த வலி ஓரிரு நாளில் தானே அடங்கும்.