இதயமும் மூச்சும்: ஒரு பாகுபாட்டின் வரலாறு

அச்சம் தோன்றும்போது நெஞ்சு படபடக்கிறது. அதே வேளையில் மூச்சுக் குழல்கள் தளர்ந்து விரிகின்றன. இரண்டையும் செய்வது அட்ரினலின் என்னும் ஒரே சுரப்பு நீர். ஒரே பொருள் ஓரிடத்தில் முடுக்கவும் மற்றோரிடத்தில் தளர்த்தவும் செய்வது எங்ஙனம்?

1948-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் இதற்கு விடை பகர்ந்தார். வேற்றுமை சுரப்பு நீரில் இல்லை. அதனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் உள்ளது என்றார். அவற்றை ஆல்பா, பீட்டா என இரண்டாகப் பகுத்தார். அக்கட்டுரையை முதலில் ஓர் ஆய்விதழ் ஏற்க மறுத்தது. வேறோர் இதழில் வெளிவந்த பின்னரும் பல்லாண்டுகள் அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக். இதயத்துக்கு இரத்தம் போதாமையால் வரும் நெஞ்சுவலிக்கு, இரத்த ஓட்டத்தைப் பெருக்கவே அந்நாளில் முயன்றனர். பிளாக் மாற்றிச் சிந்தித்தார்: இதயத்தின் உழைப்பைக் குறைத்தால் அதன் தேவையும் குறையுமன்றோ? பீட்டா ஏற்பிகளை அடைக்கும் புரோப்ரனலால் என்னும் மருந்தை அவர் குழுவினர் 1964-ல் அறிவித்தனர். 1988-ல் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

ஆயினும் ஓர் இடர் எழுந்தது. அம்மருந்து இதயத்தை அமைதிப்படுத்தியது; ஆனால் ஆஸ்துமா உடையவரின் மூச்சுக் குழல்களை இறுகச் செய்தது. காரணம் 1967-ல் விளங்கிற்று. பீட்டா ஏற்பிகளும் இருவகை என்று லேண்ட்ஸ் குழுவினர் காட்டினர். இதயத்தில் மிகுந்திருப்பது பீட்டா-1. மூச்சுக் குழல்களில் மிகுந்திருப்பது பீட்டா-2.

ஆகவே மருந்துகளையும் பிரித்தறிய வேண்டியதாயிற்று. புரோப்ரனலால், நடோலால், டிமோலால் ஆகியவை இருவகையையும் அடைப்பன. அட்டினலால், மெட்டோப்ரலால், பிசோப்ரலால் ஆகியவை பீட்டா-1-ஐயே பெரிதும் நாடுவன. லபெட்டலாலும் கார்வெடிலாலும் இருவகைப் பீட்டாவோடு ஆல்பாவையும் அடைப்பன. பெயர்களின் ஈறு ஏறத்தாழ ஒன்றே; குணமோ வேறு. பெயரைக் கொண்டு குணத்தை ஊகித்தல் பிழையாகும்.

இன்னுமொன்று நினைவில் நிற்றல் வேண்டும். இத்தெரிவு முழுமையானதன்று, அளவு மிகுந்தால் பீட்டா-1 மருந்தும் பீட்டா-2-ஐத் தொடும். ஆதலின், படபடப்பு என்று வருபவரிடமும் நல்ல மருத்துவர், 'உமக்கு மூச்சிரைப்பு உண்டா?' என்று கேட்ட பின்னரே மருந்துச் சீட்டை எழுதுகிறார். பகுத்தறிந்ததன் பயன் அவ்வொரு கேள்வியில் இருக்கிறது.