வேப்பேரி ஆலயத்தின் கைமாற்றம்

சென்னை வேப்பேரியில் இருந்த பழைய கத்தோலிக்க ஆலயத்தைக் கட்டுவித்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். பரங்கிமலைப் படிக்கட்டுகளும் அடையாற்றின் மர்மலாங் பாலமும் இவர் செலவில் அமைந்தவையே. 1746 இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1749 இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. கத்தோலிக்கர் எதிரிக்கு உதவினர் என்ற ஐயத்தால் கும்பினியார் இவ்வாலயத்தைப் பறித்து, 1752 இல் லுத்தரன் மறைப்பணியாளர் பப்ரிசியசிடம் ஒப்படைத்தனர்.

செலவின்றிக் கிடைத்த கட்டடம்தான். ஆனால் அது கோட்டை மதிலுக்கு வெளியே இருந்தது. கோட்டைக்குள் 1680 இல் திறக்கப்பட்ட புனித மரியாள் ஆலயத்தின் கூரையோ, மரமே சேர்க்காமல், பீரங்கிக் குண்டைத் தாங்கும்படி தடித்த வளைகூரையாக எழுப்பப்பட்டிருந்தது. வேப்பேரிக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. 1758 டிசம்பரில் லாலியின் படை சென்னையை முற்றுகையிட வந்தபோது வேப்பேரி சூறையாடப்பட்டது. பப்ரிசியசு பழவேற்காட்டுக்குத் தப்பினார்.

1666 பெருந்தீக்குப் பின் இலண்டனில் கட்டடத் தீக்காப்பீடு தோன்றியிருந்தது. அது இங்கே கிடைத்திருந்தாலும் இழப்பு ஈடாகியிராது. போர்ச் சேதத்தைத் தீக்காப்பீடு பொதுவாக இன்றும் ஏற்பதில்லை.

1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியது. 1761 இல் புதுச்சேரி வீழ்ந்தபின், அங்கே கைப்பற்றப்பட்ட அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்து, பப்ரிசியசிடம் சேர்ந்தது.