லாகூருக்குப் போனவர்கள்

நேபாளத்து மலைக் கிராமங்களில் ‘லாஹுரே’ என்று ஒரு சொல் வழங்குகிறது. அயல்நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து சம்பாதிக்கிறவனுக்கு அந்தப் பெயர். கத்தாரில் கட்டட வேலை செய்கிறவனையும் மலேசியாவில் தொழிற்சாலையில் உழைக்கிறவனையும்கூட அப்படிச் சொல்வதுண்டு. அவன் லாகூரைக் கண்ணால் கண்டவனல்லன். நம் பக்கத்தில் ‘ரங்கூன்காரர் வீடு’ என்று சொல்வதில்லையா, அதுபோல ஊர்ப் பெயர் மனிதன்மேல் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தேசத்தின் சரித்திரமே இந்த ஒரு சொல்லில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

1814-இல் நேபாளத்துக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் யுத்தம் மூண்டது. நாலாபானிக் கோட்டையில் சிறு படையோடு நின்று கம்பெனியைத் திணற அடித்தவர் பலபத்ர குன்வர். யுத்தத்தில் நேபாளம் தோற்ற பிறகு அவர் பஞ்சாபுக்குப் போய் ரஞ்சித் சிங்கின் சேனையில் சேர்ந்தார். 1823-இல் நௌஷேராப் போர்க்களத்தில் மாண்டார். ரஞ்சித் சிங்கின் தலைநகர் லாகூர். அங்கே சேவகத்துக்குப் போனவர்களால் வந்த பெயர்தான் லாஹுரே. கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. யுத்தம் முடியுமுன்பே, 1815-இல், கூர்க்காக்களைத் தன் பட்டாளத்தில் சேர்க்க ஆரம்பித்துவிட்டது.

காட்மாண்டுவில் அதிகாரம் செலுத்திய ராணாக்கள் முதலில் இதை விரும்பவில்லை. 1885-இல் பீர் ஷம்ஷேர் பதவியைப் பிடித்ததும் கதவு திறந்தது. ஆளைக் கொடுத்து ஆயுதம் வாங்கினார்கள். முதல் உலக யுத்தத்துக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் போனார்கள். அந்த உதவிக்காகப் பிரிட்டிஷ் சர்க்கார் வருஷந்தோறும் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது. அது ராணாக்களின் கஜானாவுக்குப் போயிற்று. கிராமத்துக்கு வந்தது, மிச்சம் பிடித்த சம்பளமும் பென்ஷனும். பல வீடுகளுக்குச் சாவுச் செய்தி.

1985-இல் அயல்நாட்டு வேலைக்கென்று நேபாளம் தனிச் சட்டமே இயற்றியது. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போர் இன்னும் பலரை வெளியே துரத்தியது. பட்டாளத்தின் இடத்தை வளைகுடா பிடித்துக்கொண்டது.

இந்தப் பணத்தைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. 1995-96-இல் நூற்றுக்கு 42 பேர் வறுமையில் இருந்தார்கள். 2010-11-இல் அது 25 ஆயிற்று. அதில் கடல் கடந்து வந்த பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சமீப வருஷங்களில் அது நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சமமாக இருந்து வருகிறது. எத்தனையோ குழந்தைகள் அதனால்தான் படிக்கிறார்கள்.

ஆனால் ஆளுகிறவர்களுக்கு இதைவிடச் சுகமான வருமானம் வேறு உண்டா? உள்ளூரில் வேலை கொடு என்று கேட்கவேண்டிய வாலிபன், கேட்காமல் விமானம் ஏறிவிடுகிறான். அதற்கும் தரகனுக்குக் கொடுக்கக் கடன் வாங்குகிறான். அவன் அனுப்பும் முதல் பணம் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை, வட்டிக்காரனுக்குப் போகிறது. காட்மாண்டு விமான நிலையத்தில் இறங்கும் சவப்பெட்டிகளில் அப்படிக் கடன் வாங்கிப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கிய கடனை, மலைச் சரிவில் தனியே உழும் மனைவிதான் அடைக்கவேண்டும்.