சமூக ஆவணப்படத் திரையிடல்

சமூக ஆவணப்படத் திரையிடல் என்பது, சாதி, உழைப்பு, நிலம், கல்வி முதலியவற்றில் நிலவும் அநீதிகளைப் பற்றிய ஆவணப்படங்களைத் திரையரங்குக்கு வெளியே, தொழிற்சங்க அலுவலகம், வகுப்பறை, குடியிருப்புத் தெரு, கல்லூரி அரங்கு போன்ற இடங்களில் கட்டணமின்றியோ சிறு நன்கொடை பெற்றுக்கொண்டோ காட்டும் வழக்கத்தைக் குறிக்கும். படத்தை ஓட்டிவிட்டுக் கலைந்துபோகும் நிகழ்ச்சி இப்பெயருக்கு உரியதன்று. விளக்குகள் எரிந்தபின் இயக்குநரோ, படத்தில் பேசியவரோ, உள்ளூர் அமைப்பினரோ முன்வந்து, கூடியிருப்போரின் கேள்விகளையும் மறுப்புகளையும் எதிர்கொள்ளும் கலந்துரையாடல் இதன் பிரிக்கமுடியாத பகுதியாகும்.

இவ்வழக்கத்துக்குப் பல நாடுகளில் முன்னோடிகள் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் 1932ஆம் ஆண்டு அலெக்சாந்தர் மெத்வேத்கின் நடத்திய திரைப்பட இரயில், தொழிற்சாலைகளிலும் கூட்டுப்பண்ணைகளிலும் நின்று, அங்குள்ள குறைகளைப் படம்பிடித்து, இரயில் பெட்டியிலேயே படச்சுருளைக் கழுவித் தொகுத்து, அதே தொழிலாளர்களுக்குக் காட்டியது. ஆனால் அது அரசின் உற்பத்தித் திட்டத்துக்குத் துணைசெய்யும் பணியாக இருந்தமையால், கனடாவின் ஃபோகோ தீவில் 1967இல் நடந்த முயற்சியே இன்றைய திரையிடலுக்கு நெருங்கிய உறவுடையது எனலாம். மீன்பிடித்தொழில் நலிந்த அத்தீவின் மக்களை இடம்பெயர்க்க அரசு எண்ணியிருந்தபோது, தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ அம்மக்களின் பேச்சையும் வாழ்வையும் 27 குறும்படங்களாக எடுத்து, முதலில் அவர்களுக்கே காட்டினார்; ஊர்களுக்கிடையே பிரிந்து கிடந்தவர்கள் தங்கள் குறைகள் ஒன்றே என்று உணர்ந்தனர்; பின்னர் அப்படங்களை ஆட்சியாளரும் பார்த்தனர். தீவினர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அங்கேயே வாழ்ந்தனர். எடுக்கப்பட்டவரே முதல் பார்வையாளர் என்னும் இந்நெறி 'ஃபோகோ முறை' என்று பெயர்பெற்றது.

இந்தியாவில் ஆவணப்படம் மக்களிடம் வந்து சேர்ந்தது கட்டாயத்தின் வழியாகவே. போர்க்காலத்தில், 1943இல், அரசு ஒப்புதல் பெற்ற படங்களைத் திரையரங்குகள் காட்டியாக வேண்டும் என்று ஆங்கிலேய ஆட்சி பிறப்பித்த விதி, விடுதலைக்குப்பின் 1948இல் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டபோது புது வடிவில் மீண்டும் உயிர்பெற்றது. கதைப்படத்துக்கு முன்னர் அப்பிரிவின் செய்திப்படமோ ஆவணப்படமோ ஓட, அதற்கான வாடகையையும் திரையரங்கு உரிமையாளரே செலுத்தினர். அணைகளையும் ஐந்தாண்டுத் திட்டங்களையும் காட்டிய இப்படங்களைத் தமிழ்நாட்டு ரசிகர்கள் 'நியூஸ் ரீல்' என்று ஒரே பெயரால் அழைத்து, அது ஓடும் நேரத்தை வெளியே பீடி புகைப்பதற்கு ஒதுக்கினர். பார்த்தவர் பதில் சொல்ல வழியில்லாத இந்த ஏற்பாட்டில் ஆவணப்படத்துக்குப் பார்வையாளர் கூட்டம் கிடைத்ததேயன்றி மதிப்புக் கிடைக்கவில்லை.

அரசின் வழியிலிருந்து விலகியவர்களுக்குத் தணிக்கை முதல் தடையாயிற்று. 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம் பொதுமக்களுக்குக் காட்டப்படும் எந்தப் படமும் தணிக்கைச் சான்றிதழ் பெறவேண்டும் என்றது. கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டிய கே. ஏ. அப்பாஸின் படத்தில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியின் காட்சிகளை நீக்குமாறு தணிக்கையினர் கூற, அவர் உச்சநீதிமன்றம் சென்றார். 1970இல் வந்த தீர்ப்பு, திரைப்படத்துக்கு முன்தணிக்கை அரசமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே என்றது.

நெருக்கடிநிலைக் காலம் இந்தியாவில் அரசு சாராத திரையிடல் இயக்கத்தின் பிறப்புக் காலம் எனத் தகும். பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னின்ற போராட்டத்தை ஆனந்த் பட்வர்தன் படமாக்கியபின் 1975இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட, அப்படம் தலைமறைவாகவே காட்டப்பட்டது. திரையரங்கு உரிமமோ தொலைக்காட்சியோ துணையின்றி, 16 மி.மீ. படச்சுருளையும் படவீழ்த்தியையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் பழக்கத்தை அவர் பின்னர் எடுத்த படங்களும் தொடர்ந்தன. 1980இல் பெங்களூரில் தீபா தன்ராஜ் முதலியோர் தொடங்கிய 'யுகாந்தர்' என்னும் பெண்ணியக் குழு, புனே நகரின் வீட்டுவேலைப் பெண்கள், நிப்பாணியின் புகையிலைத் தொழிலாளர்கள் ஆகியோரின் சங்கப் போராட்டங்களை அவர்களோடு கலந்து பேசியே படமாக்கி, பிற ஊர்களின் உழைக்கும் பெண்களிடம் கொண்டுசென்றது.

கேரளத்தில் திரையிடல் மக்களின் காசால் படமெடுக்கும் வேலையாகவும் மாறியது. 'அக்கிரகாரத்தில் கழுதை' என்னும் தமிழ்ப்படத்தை 1977இல் எடுத்த ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் 'ஒடேசா' என்னும் கூட்டமைப்பை நிறுவினர். சிற்றூர்களில் பறையடித்து மக்களைக் கூட்டி, சாப்ளினின் படத்தைக் காட்டி, துண்டேந்திக் காசு சேர்த்தனர். பம்பாயின் நடைபாதைவாசிகளும் குடிசைவாசிகளும் வெளியேற்றப்பட்டதைப் பற்றிய பட்வர்தனின் 'ஹமாரா ஷஹர்' படத்தைச் சீட்டு விற்றுக் காட்டியதிலும் பணம் சேர்ந்தது. அவ்வாறு சேர்ந்த பணத்தில் உருவான ஜானின் 'அம்ம அறியான்' படம் 1986இல் வெளிவந்தது. இந்தியத் திரையிடல் வரலாற்றில் இதற்கு இணையான துணிவு அரிது. ஆனால் அடுத்த ஆண்டே ஜான் இறந்தமையால் அம்முறை வேரூன்றாமல் போயிற்று.

1980களின் பிற்பகுதியில் வீடியோ நாடா வந்தபின் படச்சுருளின் சுமையும் செலவும் குறைந்தன. ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ கருவியும் இருந்தால் ஒரு தெருவே அரங்கமாயிற்று. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் உழைத்த சிறுவர்களைப் பற்றி, கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சலம் பென்னூர்கர் தமிழில் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990), பள்ளியில் இருக்கவேண்டிய வயதினர் விடியுமுன் பேருந்தில் ஆலைக்குச் செல்வதைக் காட்டி, குழந்தை உழைப்பையும் கல்வியையும் ஒரே கேள்வியாக்கியது.

2004ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அரசு நடத்தும் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்று கேட்கப்பட்டபோது ஆவணப்பட இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். அந்நிபந்தனை விலக்கப்பட்டும் ஆட்சியை விமரிசித்த பல படங்கள் தேர்வில் கழிக்கப்படவே, விழா நடந்த அதே நாட்களில் அருகிலிருந்த பூபேஷ் குப்தா பவனில் 'விகல்ப்' (மாற்று) என்னும் பெயரில் தனி விழா நடந்தது. 2002 குஜராத் வன்முறையைப் பற்றிய ராகேஷ் சர்மாவின் 'ஃபைனல் சொல்யூஷன்' தணிக்கையில் தடைப்பட்டபோது, குறுந்தகட்டை இலவசமாகப் பெறுவோர் பல படிகள் எடுத்துப் பிறருக்குத் தரவேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். திருட்டுப்படி என்று திரையுலகம் அஞ்சும் ஒன்றை இயக்குநரே விநியோக முறையாக்கியது நகைச்சுவையான திருப்பம்தான். 2006இல் கோரக்பூரில் தொடங்கிய 'எதிர்ப்பின் சினிமா' விழாக்கள், நிறுவனங்களின் நிதியுதவியை ஏற்பதில்லை என்னும் விதியோடு வட இந்தியச் சிறுநகரங்களுக்குப் பரவின.

தமிழ்நாட்டில் ஆர். பி. அமுதன் 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவந்தார். கையால் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் ஒருநாள் வேலையைத் தொடர்ந்து செல்லும் அவருடைய 'பீ' (2003), தலைப்பாலேயே பார்வையாளரின் ஒதுங்கலை உடைத்தது. திருநெல்வேலியில் 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆதரவான ஊர்வலத்தில் காவல்துறையின் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கிய 17 பேர் உயிரிழந்ததைப் பற்றி, அந்நகரின் காஞ்சனை திரைப்பட இயக்கத்தைச் சேர்ந்த ஆர். ஆர். சீனிவாசன் எடுத்த படம் இவ்வகையில் முக்கியமானது. துப்புரவுத் தொழிலாளர்களின் மரணங்களைத் தொகுத்துரைத்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) பல ஊர்களில் காவல்துறையின் அனுமதி மறுப்பைச் சந்தித்து, இறுதியில் யூடியூபில் வெளியிடப்பட்டது. அதனால் பார்த்தவர் தொகை பெருகியது உண்மை. எனினும் துப்புரவுத் தொழிலாளியும் அவர் சுத்தம் செய்யும் தெருவில் குடியிருப்பவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்திருக்கக்கூடிய வாய்ப்பைக் கைப்பேசித் திரை தருவதில்லை.

கல்விக்கூடங்களே இன்று இத்திரையிடலின் முதன்மை இடமாகவும் முதன்மைப் போர்க்களமாகவும் உள்ளன. எட்டு மாநிலங்களில் படமாக்கப்பட்ட ஸ்டாலின் கே.யின் 'இந்தியா அன்டச்டு' (2007), பள்ளிகளில் தலித் மாணவர்கள்மீது காட்டப்படும் வேற்றுமையை அம்மாணவர்களின் வாய்மொழியாகவே பதிவுசெய்து, அதே காரணத்தால் வகுப்பறை விவாதங்களுக்கு ஏற்ற படமாயிற்று. முசாபர்நகர் கலவரம் குறித்த நகுல் சிங் சாஹ்னியின் படம் 2015 ஆகஸ்டில் தில்லிக் கல்லூரி ஒன்றில் இடையில் நிறுத்தப்பட்டபின், அம்மாதம் 25 அன்று பல நகரங்களில் ஒரே நாளில் எதிர்ப்புத் திரையிடல்கள் நடந்தன. கட்டாயத் திரையிடலை நடத்திவந்த திரைப்படப் பிரிவு 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பொதுவில் காட்டும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்னும் 1952ஆம் ஆண்டின் விதி இன்றும் நடைமுறையில் உள்ளது.