தப்பின் ஓசையும் அதைச் செய்தவர் கூலியும்

மலையக மக்களின் கலைகளைப் பற்றிப் பேசுவோர் காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் அருச்சுனன் தபசையும் குறிப்பிடத் தவறுவதில்லை. இக்கூத்துகளுக்கு உயிர் கொடுப்பது தப்பு. அந்தத் தப்பைச் செய்து தந்த கைகளுக்கு என்ன கிடைத்தது? இக்கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. நேயர்களே, சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களை மனத்திற் கொண்டு இன்று அதனைச் சற்று நோக்குவோம்.

ஒரு காலத்தில் தப்பே தோட்டத்தின் மணிக்கூடாகவும் இருந்தது. விடியுமுன் லயத்து மக்களைப் பெரட்டுக்கு எழுப்பியது அதன் ஓசைதான். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையில் அந்த வைகறைப் பறையொலி கேட்கிறது. சக்தீ அ. பாலையா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழில் தந்தார். திருவிழாவுக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. பின்னாளில் மணியும் சங்கும் வந்து பல தோட்டங்களில் பெரட்டுத் தப்பை ஓய வைத்தன.

பார்வைக்கு எளிய கருவிதான், செய்வது எளிதன்று. மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி வட்டமாகப் பொருத்த வேண்டும். பதப்படுத்திய மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி உலரவிட வேண்டும். அடிக்குமுன் தீயிலே காய்ச்சினால்தான் நாதம் பிறக்கும். இரத்தினபுரியிலோ ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த ஈரத்திலே தோல் தளரும்; தோலைக் காப்பதே தனி வேலையாகும்.

இந்த வேலைக்கெனத் தோட்டத்துச் செக்ரோலில் ஓர் இடம் இருந்ததா? கொழுந்து பறித்தல், கவ்வாத்து, இறப்பர்ப் பால் வெட்டுதல், புல் வெட்டுதல் என்பவற்றுக்குப் பேர் விழும். தப்புச் செய்தவருக்கு அப்படி ஒரு தொழிற்பெயர் இல்லை. அவரும் மற்றவர்களைப் போல மலைக்குப் போய் வந்து, மிஞ்சிய பொழுதிலே தோலும் உளியுமாக உட்கார வேண்டியவரே. அதற்காக வேலைக்குப் போகாது நின்றால் அன்றையப் பேர் போய்விடும். வாத்தியத்துக்கும் வாசிப்புக்கும் கிடைத்தது பெரும்பாலும் வழக்கப்படியான வெகுமதியே: கொஞ்சம் காசு, அரிசி, வேட்டி, சாராயம். அது மனமுவந்து கொடுத்ததாக இருக்கலாம். ஆனால் பேசி வாங்கிய விலை அன்று. ஒரு தோட்டத்துக்குச் சில தப்புகளே போதும் என்பதால் விற்றுப் பிழைக்கவும் வழியில்லை.

இதே மாகாணத்தில், தோட்டத்து எல்லைக்கு வெளியே, இன்னொரு தோற்கருவி உண்டு. சப்பிரகமுவச் சிங்கள நடனத்துக்குரிய தவுல் அது. இரத்தினபுரி மகா சமன் தேவாலயப் பெரஹராவில் அதன் முழக்கம் கேட்கலாம். சிங்கள அரசர் காலந்தொட்டுத் தேவாலயங்களில் மேளம் அடித்த குடும்பங்களுக்குச் சேவைக்கு ஈடாக நிலப் பங்கு இருந்தது. ஆங்கிலேயர் 1832இல் அரசுக்கான இராஜகாரிய முறையை ஒழித்த போதும் கோயில் நிலங்களில் அச்சேவை தொடர்ந்தது. 1870ஆம் ஆண்டுச் சேவை நிலச் சட்டம், சேவைக்குப் பதிலாகப் பணம் கட்டவும் வழி செய்தது. அந்த முறையிலும் சாதியின் கட்டு இருந்தது. அதனைப் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. எனினும் மேளத்தின் பெயரால் காலூன்ற ஒரு துண்டு நிலம் அவர்களுக்கு இருந்தது. தப்புக்காரருக்கோ சாதிக்கட்டு மட்டும் கடல் கடந்து கூட வந்தது, நிலம் வரவில்லை. குடியிருந்த லயத்துக் காம்பராவும் தோட்டத்துக்கே சொந்தம்.

இதன் விளைவு பின்னர் தெரிந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. குடும்பங்கள் கப்பலேறின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டு மக்கள் சிதறினர். தோலை இழுக்கும் பக்குவம் ஏட்டில் எழுதி வைத்ததன்று. பார்த்துப் பழகிய பிள்ளை பக்கத்தில் இருந்தால்தான் அது நிலைக்கும். குடும்பம் பெயர்ந்தால் தொழிலும் பெயர்ந்துவிடும்.

பெயராது நின்ற வீடுகளிலும் பிள்ளைகள் தப்பைத் தொட மறுப்பதுண்டு. 'நம் கலையைக் கைவிட்டு விட்டார்களே' என்று அவர்கள் மீது குறை சொல்வது எளிது. ஆனால் சாவு வீட்டிலே ஒதுக்கி நிறுத்தி அடிக்கச் சொன்ன கருவி அது. வருமானமும் தராமல் மதிப்பும் தராமல், மரபைக் காப்பாற்று என்று ஓர் இளைஞனிடம் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவன் மறுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

தமிழகத்திலே காற்றுச் சற்று மாறியிருக்கிறது. அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இழிவெனச் சொல்லப்பட்ட கருவி மேடையேறியது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் விருது அடிப்பவரைத் தேடி வருவது. தோலை இழுத்து ஒட்டியவரைத் தேடிப் போக வேண்டியவர்கள் நாம்தான்.

தோட்டக் கோயில் திருவிழாக் கணக்கிலே பூவுக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவு எழுதுகிறோம். அவற்றோடு, தப்புச் செய்தவருக்கு இன்ன தொகை என்று பேசிக் கொடுத்து ஒரு வரி எழுதினால், அது வெகுமதி என்ற நிலை மாறிக் கூலியாகும். காமன் கூத்தைப் பதிவு செய்ய வரும் ஆய்வாளரும் ஆட்டத்தோடு நின்றுவிடாது, அந்தத் தப்பு யார் கையில் உருவானது, அதற்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்வாராக.